ஆலயத்தில் அயல்நாட்டுக் கொடிகள்

நம் வாசகர் குடும்பங்கள் பலவற்றில் இன்று மகனோ மகளோ கடல் கடந்து வாழ்கின்றனர். அவர்களைப் பார்த்து வரச் செல்லும் பெற்றோர் திரும்பி வந்து சொல்லும் செய்திகள் பல. அங்காடிகளின் பெருக்கம், சாலைகளின் அகலம், பனியின் கொடுமை ஆகியவற்றை எல்லோரும் சொல்லுகின்றனர். சிலர் வேறொரு காட்சியையும் சொல்லுவர். அமெரிக்க நாட்டின் சில கிறிஸ்தவ ஆலயங்களில், முற்றத்திலோ உட்சுவர்களிலோ பல நாட்டுக் கொடிகள் வரிசையாக விளங்குகின்றன. அவற்றின் நடுவே நம் மூவர்ணக் கொடியும் இருக்கின்றது. இஃது ஆலயமா, ஐக்கிய நாடுகள் சபையா என்று ஐயுறும் அளவுக்கு அக்காட்சி நமக்குப் புதுமையானது.

இவ்வழக்கத்தின் நோக்கம் எளியது. அந்தச் சபை எந்தெந்த நாடுகளுக்கு ஊழியரை அனுப்பியிருக்கின்றதோ, எந்தெந்த நாடுகளிலிருந்து வந்தவர்கள் அதில் சேர்ந்திருக்கின்றனரோ, அந்நாடுகளைச் சிறப்பிப்பதற்காகக் கொடிகளை வைக்கின்றனர். உலக ஊழியத்திற்கெனக் குறித்த சில நாட்களில் மட்டும் ஏற்றுவோர் உண்டு. ஆண்டு முழுவதும் வைத்திருப்போரும் உண்டு. சிறுவர் சிறுமியர் ஆளுக்கொரு கொடியை ஏந்தி வழிபாட்டின் தொடக்கத்தில் ஊர்வலமாக வருவதையும் சில இடங்களில் காணலாம்.

இவ்விதழைப் படிப்போர் பல சமயத்தினர். ஆயினும், பிறந்த ஊரை விட்டு வேற்றூரில் குடியேறி வாழும் நமக்கு இஃது அயலார் விவகாரம் எனத் தள்ளத்தக்கது அன்று. நம் கொடியை ஒருவர் தம் இல்லத்தில் ஏற்றி வைக்கும்போது, அவர் நம்மை மதிக்கின்றாரா, அல்லது தம் பெருமைக் கணக்கில் நம்மையும் ஓர் எண்ணாக எழுதிக்கொள்கின்றாரா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. விழா மேடைகளில் பிறரை அழைத்துச் சிறப்புச் செய்யும் சங்கங்களை நடத்துகின்றவர்களாதலால், அதே கேள்வியை நம்மை நோக்கியும் கேட்டுக்கொள்ளும் கடமை உண்டு. இத்திங்கள் இதனைச் சிறிது ஆராய்வோம்.

கொடி நுழைந்த வழி

ஆலயத்திற்குள் கொடி நுழைந்தது பெரும்பாலும் போரின் வழியாகவே. இங்கிலாந்தின் பழைய பேராலயங்களில் படைப்பிரிவுகளின் கொடிகள் தொங்குவதைக் காணலாம். ஒரு படைப்பிரிவு தன் பழைய கொடியை நீக்கிப் புதியதை ஏற்கும்போது, பழையதை ஆலயத்தில் ஒப்படைப்பது அந்நாட்டு மரபு. துணி இற்று, வலையாகி, நூல் நூலாக உதிரும் வரை அதனை அப்படியே விட்டுவைப்பர். அப்படைகளுள் சில, ஸ்ரீரங்கப்பட்டணம், அஸ்ஸாயி முதலிய நம் நாட்டுப் போர்க்களங்களின் பெயர்களைத் தம் கொடியில் வெற்றிச் சின்னமாகப் பொறித்தவை. மாண்ட தம் வீரரை ஒரு நாட்டார் நினைவுகூர்வதில் குற்றம் இல்லை. ஆனால் தோற்றவர் வழிவந்த ஒருவர் அக்கொடியின் கீழ் அமர்ந்து இறைவனை வணங்க நேர்ந்தால், அவர் மனத்தில் எழும் எண்ணத்தையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதனினும் கொடிய வரலாறும் உண்டு. 1933ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின், 'ஜெர்மன் கிறிஸ்தவர்' என்னும் இயக்கத்தினர் அவருடைய கட்சியின் ஸ்வஸ்திகக் கொடியை ஆலயங்களுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தினர். பீடத்தின் அருகே கொடி நின்றபோது, பீடத்திலிருந்து பேசியவரின் சொல்லும் அக்கொடிக்கு இசைவாக மாறிற்று. இதனை எதிர்த்தோரும் அந்நாட்டுத் திருச்சபையினரே. அவர்கள் 1934ஆம் ஆண்டு மே மாத இறுதியில் பார்மென் நகரில் கூடி, திருச்சபை அரசின் கருவியாக மாட்டாது என்று அறிக்கை வெளியிட்டனர். வழிபாட்டிடத்தில் தேசக் கொடி வேண்டா என்று இன்றும் சில கிறிஸ்தவர் வற்புறுத்துவதற்கு இந்த நினைவும் ஒரு காரணம்.

ஒரே நாட்டின் கொடி மட்டும் நிற்குமானால் அது பணிவைக் கேட்கின்றது. பல நாட்டுக் கொடிகள் சமமாக நிற்குமானால், எந்த ஒன்றும் தனக்கே தலைமை என்று சொல்ல இயலாது. பல கொடிகளை வைக்கும் வழக்கத்தின் நல்ல பக்கம் இதுவே. எனினும் பல கொடிகளை வைத்துவிட்டதனாலேயே வேலை முடிந்துவிடவில்லை என்பதை மேலே வரும் செய்திகள் காட்டும்.

தரங்கம்பாடி தரும் படிப்பினை

கொடி வேறு, அதன் கீழ் வந்த தொண்டு வேறு என்பதை அறியத் தமிழர் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் சீகன்பால்கு என்னும் இளைஞர் தம் தோழர் புளூட்சோவுடன் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவர்களை அனுப்பியவர் டென்மார்க் நாட்டு அரசர் நான்காம் பிரெடரிக். அங்கே டேன்ஸ்போர்க் கோட்டையின்மேல் பறந்ததும் அவ்வரசரின் கொடியே. சிவப்பு நிலத்தில் வெண் சிலுவை பொறித்த கொடி அது. கொடியிலே சிலுவை, அரசரிடமிருந்து ஆணை. இனி என்ன குறை என்று நாம் எண்ணலாம். ஆனால் அந்தக் கோட்டையின் தலைவரே, தம் அரசர் அனுப்பிய அந்த ஊழியரை 1708ஆம் ஆண்டு இறுதியில் சிறைப்படுத்தினார். ஏறத்தாழ நான்கு திங்கள் அவர் அச்சிறையில் இருந்தார்.

சீகன்பால்கு பிறந்தது சாக்சனி நாட்டில்; இன்று அது ஜெர்மனியின் பகுதி. அவரை அனுப்பியது டென்மார்க். அவருடைய அச்சுக்கூடத்திற்கு இயந்திரம் கிடைத்தது இலண்டனிலிருந்த ஒரு கிறிஸ்தவ சங்கத்தின் உதவியால். தமிழ் எழுத்து வார்ப்புகள் வந்தது ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து. 1713ஆம் ஆண்டில் அங்கே அச்சு வேலை தொடங்கி, 1715ஆம் ஆண்டில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இப்பணிக்கு நன்றியாக ஒரு கொடியை ஏற்ற வேண்டுமானால் எக்கொடியை ஏற்றுவது? டென்மார்க், ஜெர்மனி, இங்கிலாந்து ஆகிய மூன்றையும் ஏற்றினாலும் கணக்கு நேராகாது. அவருக்குத் தமிழ் கற்பித்தவர்கள் தரங்கம்பாடியிலேயே இருந்தனர். கடற்கரை மணலில் எழுத்துப் பழகும் பிள்ளைகளின் திண்ணைப் பள்ளி ஆசிரியரும், அழகப்பன் என்று அறியப்படும் துபாஷியும் இல்லையேல் அந்த மொழிபெயர்ப்பு இல்லை. அவர்களுக்கென ஒரு கொடி அந்நாளில் எங்கும் பறக்கவில்லை.

அனுப்பியவர் கொடி வானில் தெரிகின்றது. கற்பித்தவர், சோறிட்டவர், வழிகாட்டியவர் ஆகியோருடைய அடையாளம் தெரிவதில்லை. ஆலயங்களில் பல நாட்டுக் கொடிகளை ஏற்றும் வழக்கத்தை இக்குறையைப் போக்கும் ஒரு முயற்சியாகக் கொள்ளலாம். சென்ற இடத்தின் கொடியைத் தன் இல்லத்தில் ஏற்றுகின்றவன், தான் கொடுத்ததோடு அங்கே பெற்றதையும் ஒப்புக்கொள்ளுகின்றான்.

இதற்கு மாறாக, கொடுத்தவரின் சின்னம் மட்டும் நிற்கும் இடங்களும் உண்டு. எருசலேமில் கெத்செமனே தோட்டத்தருகே 1919 முதல் 1924 வரை அந்தோனியோ பர்லூசி என்னும் கட்டடக் கலைஞர் கட்டிய ஆலயத்திற்கு, 'எல்லா நாட்டினரின் ஆலயம்' என்று பெயர். அதன் மேற்கூரையில் பன்னிரண்டு குவிமாடங்கள். ஒவ்வொன்றிலும் கட்டடத்திற்குப் பொருள் உதவிய ஒரு நாட்டின் சின்னம். பிரேசில், மெக்சிகோ, பிரான்சு, ஸ்பெயின், கனடா முதலிய நாடுகள் அவற்றுள் அடங்கும். ஆலயம் மிக அழகியது. ஆனால் பொருள் கொடுக்க இயலாத நாட்டினருக்கு அப்பெயரில் இடம் உண்டு. அக்கூரையில் இடம் இல்லை. ஆகவே ஒரு கொடியைக் கண்டால் அது எதற்காக நிற்கின்றது என்று கேட்பது நல்லது. கொடுத்ததற்காகவா? பெற்றதற்காகவா? அல்லது அங்கே நம்மவர் ஒருவர் இருக்கின்றார் என்பதற்காகவா?

அணிவகுப்பும் ஆசனமும்

கொடிகளின் சிக்கலுக்கு வெவ்வேறு சபையினர் வெவ்வேறு வழி கண்டிருக்கின்றனர். நியூயார்க்கைச் சேர்ந்த கோனி தீவில், 1897ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், சார்லஸ் ஓவர்ட்டன் என்பவர் ஒரு கூட்டத்தில் பேசும்போது, எந்த நாட்டையும் சாராத கிறிஸ்தவக் கொடி ஒன்று வேண்டும் என்று கூறினார். வெண்ணிலமும், மூலையில் நீலச் சதுரமும், அதில் செஞ்சிலுவையுமாக அக்கொடி பின்னர் உருவாயிற்று. நாடு சாராதது என்றாலும், அதன் மூன்று வண்ணங்களும் அமெரிக்கக் கொடியின் வண்ணங்களே என்பதைக் கவனிக்க வேண்டும். தன் ஊரின் வண்ணத்தை மறப்பது எவர்க்கும் எளிதன்று.

ஆங்கிலிகன் சபையினர் திசைகாட்டியின் வடிவைத் தம் சின்னமாகக் கொண்டனர். கானன் எட்வர்டு வெஸ்ட் என்பவர் அமைத்த அவ்வடிவம், 1954ஆம் ஆண்டில் மினியாபொலிஸ் நகரில் நடந்த அவர்களது மாநாட்டை ஒட்டி வந்தது. 1988ஆம் ஆண்டில் கான்டர்பரி பேராலயத்தின் தரையிலும் பதிக்கப்பெற்றது. நாடுகளைச் சொல்லாமல் திசைகளை மட்டும் சொல்வதால், எவரும் விடுபட்டதாகக் குறைகூற இடமில்லை.

ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுச் சபையினரின் முறை வேறு. அவர்களுடைய உலகப் பொது மாநாட்டில், நாடுதோறும் இருந்து வந்தோர் தத்தம் நாட்டு உடையில், தத்தம் கொடியை ஏந்தி அணிவகுத்து வருவர். 1863ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இச்சபை அமைந்தபோது அதன் உறுப்பினர் ஏறத்தாழ 3,500 பேர். 1874ஆம் ஆண்டில் தான் முதல் ஊழியரை வெளிநாட்டிற்கு அனுப்பிற்று. இன்று 200க்கு மேற்பட்ட நாடுகளில், இரண்டு கோடிக்கு மேற்பட்ட உறுப்பினர் அதற்கு உண்டு. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அமெரிக்காவிற்கு வெளியே வாழ்பவர். தமிழ்நாட்டிற்கும் இதில் பங்கு உண்டு. 1915ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் இச்சபை தொடங்கிய சிறு பள்ளியே பின்னர்ப் பெங்களூருக்கும், 1942ஆம் ஆண்டில் புனே நகருக்கும் மாறி வளர்ந்து, ஸ்பைசர் என்னும் பெயரோடு பல்கலைக்கழகமாக விளங்குகின்றது. புனே நகரில் வாழும் நம் வாசகர் அதனை நன்கறிவர்.

அணிவகுப்பு கண்ணுக்கு இனியது. ஆனால் அதே மாநாட்டில் அதனினும் முக்கியமான ஒன்று நிகழ்கின்றது. கொடி ஏந்தும் நாட்டினரின் பேராளர் அங்கே வாக்கும் அளிக்கின்றனர். 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் செயின்ட் லூயிஸ் நகரில் கூடியபோது, அவர்கள் பிரேசில் நாட்டைச் சேர்ந்த எர்ட்டன் கோலரைத் தலைவராகத் தேர்ந்தனர். தென் அமெரிக்காவிலிருந்து அப்பதவிக்கு வந்த முதல்வர் அவர். ஊர்வலத்தில் கொடியும், அவையில் ஆசனமும் ஒருங்கே இருந்தால் அன்றோ சிறப்பு முழுமையாகும்?

உலகமும் மாறியிருக்கின்றது. அமெரிக்க ஆய்வு நிறுவனமான பியூ கணக்கிட்டபடி, 1910ஆம் ஆண்டில் உலகக் கிறிஸ்தவரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் ஐரோப்பாவில் இருந்தனர். 2010ஆம் ஆண்டில் அது நான்கில் ஒரு பங்காயிற்று. முன்னர் ஊழியரை அனுப்பிய நாடுகளின் ஆலயங்களில் இன்று ஆப்பிரிக்கரும் ஆசியரும் பீடத்தில் நின்று போதிக்கின்றனர். சுவரில் தொங்கிய கொடிக்குரியவர், இப்பொழுது அதே சுவரின் கீழ் அமர்ந்திருக்கின்றார்.

எக்கொடியை ஏற்றுவது?

நாட்டின் கொடி என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். வியத்நாமிலிருந்து வந்த அகதிகளைக் கேட்டால் அஃது எளிதன்று என்பது விளங்கும். 1975ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் தென் வியத்நாம் அரசு வீழ்ந்தது. நாட்டை விட்டு ஓடி வந்தோர் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறினர். மஞ்சள் நிலத்தில் மூன்று செங்கோடுகள் கொண்ட பழைய கொடியையே அவர்கள் இன்றும் தம் கொடியாகப் போற்றுகின்றனர். உலக அரங்கில் அந்நாட்டிற்கு உரியதோ மஞ்சள் விண்மீன் பொறித்த செங்கொடி. ஆலயத்தார் ஒருவர் நல்லெண்ணத்தோடு அச்செங்கொடியை ஏற்றினால், சிறப்பிக்கப்பட வேண்டிய அகதிக்கு அது தன்னைத் துரத்திய அரசின் நினைவாகவே தோன்றும். கடையில் கொடி வாங்குமுன் அந்த மனிதரைக் கேட்டிருக்க வேண்டும்.

கொடிகள் மாறுவனவும் ஆகும். 1945ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையில் 51 நாடுகள், இன்று 193. நம் நாட்டுக் கொடியே 1947ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்டது. பர்மாவின் கொடி 2010ஆம் ஆண்டில் மாறிற்று. தென் சூடான் 2011ஆம் ஆண்டில் தான் தனி நாடாயிற்று. இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கொடிகளை இன்றும் தட்டித் துடைத்துத் தொங்கவிடும் ஆலயம், அந்நாடுகளை நினைக்கின்றது என்று சொல்ல இயலாது. ஒரு நாட்டில் புதிய கொடி எழுந்தது தெரியாதவர், அங்கே என்ன துன்பம் எழுந்தது என்பதையும் அறிந்திருக்கமாட்டார்.

கொடியே இல்லாத மக்களை என்ன செய்வது? மொழி உண்டு, மரபு உண்டு, தனி நாடு இல்லை என்னும் நிலையில் உலகில் எத்தனையோ இனத்தார் வாழ்கின்றனர். எருசலேமின் ஒலிவ மலையில் உள்ள மற்றோர் ஆலயம் இதற்கு அழகிய விடை தருகின்றது. இயேசு தம் சீடருக்குக் கற்பித்த மன்றாட்டை நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளில் ஓடுகளில் எழுதி, அவ்வாலயத்தின் சுவர்களில் பதித்திருக்கின்றனர். தமிழும் அங்கே உண்டு. இந்தியர், இலங்கையர், சிங்கப்பூரர், மலேசியர் என்று வெவ்வேறு கொடியின் கீழ் வாழும் தமிழர் எல்லோரும் அந்த ஒரே ஓட்டின் முன் நின்று படிக்கலாம். நாட்டுக் கொடி நாட்டினரை இணைக்கின்றது. மொழி, கொடியின் எல்லையைக் கடந்தும் இணைக்கின்றது.

வாயிலில் நிகழ்ந்தது

கொடிக்குக் கொடுத்த இடத்தைக் கொடிக்குரியவருக்குக் கொடுக்கின்றோமா என்பதே இப்பொருளின் உயிர்நாடி. இதனை விளக்க ஒரு வரலாற்றுச் செய்தி போதும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மேக்கன் என்று ஒரு நகரம். அங்கே மெர்சர் பல்கலைக்கழகத்தைப் பாப்டிஸ்டுச் சபையினர் நடத்தி வந்தனர். 1963ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகத்தில் முதல் கறுப்பின மாணவராகச் சேர்ந்தவர் சாம் ஓனி. ஆப்பிரிக்காவில் கானா நாட்டிலிருந்து வந்தவர். அவரைக் கிறிஸ்தவராக்கியதும், கல்விக்கு வழிகாட்டியதும், அதே தென் மாநிலப் பாப்டிஸ்டுச் சபை ஆப்பிரிக்காவிற்கு அனுப்பிய ஊழியரே. 1966ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பல்கலைக்கழகத்தை அடுத்திருந்த டாட்னல் சதுக்க பாப்டிஸ்டு ஆலயத்திற்கு வழிபடச் சென்றார். வாயிலிலேயே தடுத்துவிட்டனர். அவருக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று நின்ற போதகர் தாமஸ் ஹோம்ஸையும் அச்சபையார் பதவியிலிருந்து நீக்கினர்.

ஆப்பிரிக்க ஊழியத்திற்காக ஆண்டுதோறும் காணிக்கை எடுத்த கைகள், அந்த ஊழியத்தின் பயனாக வந்து நின்ற மனிதரைத் தடுத்தன. தொலைவிலுள்ள ஆப்பிரிக்கரிடம் அன்பு. வாயிலில் நிற்கும் ஆப்பிரிக்கரிடம் அச்சம். அவருடைய நாட்டுக் கொடியை அவ்வாலயத்தில் ஏற்றுவது எவர்க்கும் அரிதாக இருந்திராது. கொடி உட்கார இடம் கேட்பதில்லை, மறுமொழி சொல்வதுமில்லை. அதே மேக்கன் நகரில் மற்றோர் ஆலயம் சாம் ஓனியைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லுதல் முறை.

அமெரிக்கரைக் குறை சொல்லி நாம் நிறைவு கொள்ள இயலாது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், சாதி வேறுபாடு காரணமாக, ஒரே பீடத்தை நோக்கி இரு கால்களாகப் பிரிந்த ஆலயம் ஒன்று 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது. இரு பிரிவினரும் ஒருவர் முகம் ஒருவர் காணாமல் ஒரே இறைவனை வணங்க, இடையே சுவர் இருந்தது. 1910ஆம் ஆண்டில் தான் அச்சுவர் இடிக்கப்பட்டது. ஒரே நாடு, ஒரே மொழி, ஒரே ஊர். பிரிக்கக் கொடி தேவைப்படவில்லை.

அதே 1910ஆம் ஆண்டில், ஸ்காத்லாந்தின் எடின்பரோ நகரில் உலக ஊழிய மாநாடு கூடிற்று. ஏறத்தாழ 1,200 பேராளருள் ஆசியத் திருச்சபைகளைச் சேர்ந்தோர் இருபதுக்கும் குறைவு. அவர்களுள் ஒருவர் திருநெல்வேலியின் வெள்ளாளன்விளையில் 1874ஆம் ஆண்டில் பிறந்த வே. ச. அசரியா. மேலை நாட்டு ஊழியர் பொருளும் உழைப்பும் உயிரும் கொடுத்ததை நன்றியோடு ஒப்புக்கொண்ட அவர், இன்னும் ஒன்றைக் கேட்டார்: நட்பு. உதவி செய்வோரும் உதவி பெறுவோருமாக அன்றி, ஒரே மேசையில் அமரும் தோழராக நடத்த வேண்டும் என்பது அவர் வேண்டுகோளின் சாரம். அவையில் பலருக்கு அது கசந்தது. ஆனால் அம்மாநாட்டில் பேசப்பட்டவற்றுள் நூறு ஆண்டு கடந்தும் நினைக்கப்படும் பேச்சு அதுவே.

அவரே குடிபெயர்ந்த தமிழர் என்பது நமக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி தரும் செய்தி. 1903ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் அவரும் நண்பரும் தொடங்கிய இந்திய மிஷனெரிச் சங்கம், நம் நாட்டு ஆட்கள், நம் நாட்டுப் பணம், நம் நாட்டு நிர்வாகம் என்னும் கொள்கையோடு ஊழியரைத் தெலுங்கு நாட்டிற்கு அனுப்பிற்று. அசரியாவும் அங்கே டோர்னக்கலில் சென்று தங்கித் தெலுங்கு கற்று, அம்மக்களோடு வாழ்ந்தார். 1912ஆம் ஆண்டில் ஆங்கிலிகன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அவர் காலத்தில் எழுந்து 1939ஆம் ஆண்டில் அர்ப்பணிக்கப்பெற்ற டோர்னக்கல் பேராலயத்தில், கோயில் தூண்களின் சாயலும் பள்ளிவாசல் மாடங்களின் சாயலும் ஒருங்கே காணப்படும். அந்த ஊரார் பழகிய வடிவங்களை மதித்து, அவற்றையே ஆலயத்தின் உடலாக்கினார். தாம் சென்ற நாட்டைச் சிறப்பிக்க அவர் கண்ட வழி அது.

நாம் செய்யத்தக்கது

நம் சங்கங்களிலும் கொடி ஏற்றும் நாட்கள் வருகின்றன. அயல்நாட்டு விருந்தினர் வரும் விழாக்களும் இப்பொழுது பெருகியிருக்கின்றன. ஆதலால் 2002ஆம் ஆண்டு ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள இந்தியக் கொடி விதித்தொகுப்பின் சில விதிகளை இங்கே நினைவூட்டுகின்றோம். பிற நாட்டுக் கொடிகளோடு நம் கொடியை நேர் வரிசையில் ஏற்றும்போது, நம் கொடி வலக்கோடியில் இருக்க வேண்டும். அதாவது எதிரே அமர்ந்து காண்போருக்கு இடக்கோடியில் தோன்றும். மற்றவை நாடுகளின் ஆங்கிலப் பெயர் வரிசைப்படி அமைய வேண்டும். ஒவ்வொரு கொடிக்கும் தனிக் கம்பம் வேண்டும். கொடிகள் ஏறத்தாழ ஒரே அளவினவாக இருத்தல் நலம். ஒரு நாட்டின் கொடியை மற்றொரு நாட்டின் கொடிக்கு மேலே ஏற்றுவது உலக வழக்கிற்கு மாறானது. கிழிந்த கொடி ஏற்றத்தக்கதன்று. நம் கொடியைத் தரையில் படவிடுதலும், மேடைக்குத் திரைச்சீலையாகத் தொங்கவிடுதலும் கூடா.

இவை கம்பத்திற்கும் துணிக்கும் உரிய விதிகள். மனத்திற்குரிய விதிகளை நாமே வகுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கொடியையோ சின்னத்தையோ படத்தையோ நம் மன்றத்தில் வைக்குமுன், அதற்குரிய மக்களுள் ஒருவரையேனும் நாம் பெயர் சொல்லி அறிவோமா? அவர் நம் மன்றத்திற்கு வந்தால் எந்த வரிசையில் அமர்வார்? அவர் சொல்வதைக் கேட்டு நாம் மாற்றிக்கொண்டது ஏதேனும் உண்டா? இம்மூன்றுக்கும் விடை இருந்தால் கொடியை மகிழ்ச்சியோடு ஏற்றலாம்.

பொங்கல் விழாவில் இவ்வூர்ப் பெரியவர் ஒருவரைத் தலைமை தாங்க அழைத்து, பொன்னாடை போர்த்தி, அவருடைய மொழியையும் மாநிலத்தையும் புகழ்ந்து பேசுவது நம் வழக்கம். நல்ல வழக்கமே. ஆனால் விழா முடிந்து மறுநாள் அவர் வீட்டுத் திருமணத்திற்கு நம்முள் எத்தனை பேர் அழைக்கப்படுகின்றோம்? அவர் மொழியில் ஒரு கதையேனும் படித்த பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனை பேர்? நம் மொழி பேசி, இதே நகரின் ஓரத்துக் குடியிருப்புகளில் கூலி வேலை செய்து வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு நம் சங்க மண்டபத்தில் எந்த நாற்காலி? தமிழன்னையின் படத்திற்கு மாலை சூட்டும் நாம், தமிழ் பேசும் தாய் ஒருத்தி மண்டப வாயிலில் தயங்கி நின்றால் எழுந்து சென்று அழைக்க வேண்டுமன்றோ?

கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லலாம். அங்கே ஆலயத்திலோ பள்ளியிலோ அலுவலகத்திலோ நம் கொடியைக் கண்டால், பெருமிதத்தோடு படம் எடுத்துக்கொள்ளட்டும். அதில் தவறு இல்லை. பின்பு அதனை ஏற்றியவர்களிடம் சென்று, "எங்கள் நாட்டைப் பற்றி நீங்கள் அறிந்தது என்ன?" என்று அன்போடு கேட்கட்டும், தாமும் அவர்கள் நாட்டைப் பற்றிக் கேட்டறியட்டும். இருவரும் அமர்ந்து பேசும் அந்த அரைமணி நேரத்திற்காகத்தான் அந்தக் கொடியை அங்கே ஏற்றியிருக்கின்றனர் என்று கொள்வோம்.

அடுத்த சங்க விழாவிற்கான அழைப்பிதழ் அச்சாகும் முன், மேற்சொன்ன மூன்று கேள்விகளையும் செயற்குழுவினர் ஒருமுறை தமக்குள் கேட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கின்றோம். வாசக அன்பர்கள் தங்கள் ஊர் அனுபவங்களை எழுதினால், இடமிருக்கும் அளவிற்கு வரும் இதழ்களில் வெளியிடுவோம்.